சூதாடத் தெரியாத குடும்பம் ரீனோவுக்குப் போனா என்ன பண்ணும்?

மணல்வீடு

வணக்கம் மக்களே. அப்பாவும் அம்மாவும் ஊர்ல இருந்து வந்திருக்காங்க. அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை: சினிமாவுல பார்த்த கேசினோவுக்குள்ள ஒரு தடவை போய் நின்னு பார்க்கணும். லாஸ் வேகாஸ் போலாமான்னு கேட்டா, "அந்த வெயிலும் சத்தமும் எனக்கு ஆகாது"ன்னு அம்மா முடிச்சுட்டாங்க. அதனால நெவாடாவுல இருக்கிற ரீனோ. பே ஏரியாவுல இருந்து கார்லயே போயிடலாம், நாலு மணி நேரம்.

எங்க வீட்ல யாருக்கும் ரம்மியைத் தாண்டி எதுவும் தெரியாது. கூட எட்டு வயசுப் பையன். அம்மாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம். வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு திரும்பணும். லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள் லீவு) வார இறுதியா, அதுக்கு அடுத்ததா, எது நல்லது? கேசினோவை ஒரு சுத்து சுத்திட்டு மிச்ச நேரம் என்ன பண்றது?

டப்ளின்_வாசி

ப்ரோ, ரீனோ எதுக்கு? வழியில வர்ற டிரக்கீ ஊர்லயே வண்டியைத் திருப்பி நேரா டாஹோ ஏரிக்குப் போங்க. ரீனோ டவுன்டவுன்ல பாதி கடை மூடிக் கிடக்கு, மீதி அடகுக்கடை. அப்பாவுக்குக் கேசினோதான் வேணும்னா ஏரிக்குத் தெற்கே ஸ்டேட்லைன் ஊர்லயே இருக்கு. ஏரியும் ஆச்சு, கேசினோவும் ஆச்சு.

சியரா_அக்கா

டப்ளின் தம்பி, நீங்க பார்த்தது வர்ஜீனியா ஸ்ட்ரீட்ல நாலு பிளாக். அதை வச்சு ஊரை எடை போடாதீங்க. நான் ரீனோவுலயே குடியிருக்கிறவ. வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்களைக் கேசினோவுக்குக் கடைசியாத்தான் கூட்டிட்டுப் போவேன், அதுவும் அவங்களா கேட்டாத்தான்.

மணல்வீடு, முதல்ல தேதி. லேபர் டே வார இறுதி வேண்டவே வேண்டாம். பிளாக் ராக் பாலைவனத்துல பர்னிங் மேன் திருவிழா முடியற நேரம் அது. அங்கே போன பல்லாயிரம் பேர்ல பாதிக்கு மேல ரீனோ வழியாத்தான் திரும்புவாங்க. கார்வாஷ்ல எல்லாம் வெள்ளைப் புழுதி அப்பின வண்டிங்க வரிசை கட்டி நிக்கும். ஹோட்டல் வாடகை எகிறிடும். திங்கட்கிழமை ஐ-80ல கலிஃபோர்னியா பக்கம் திரும்பறது நரகம். டாஹோவுல அன்னிக்குக் கார் நிறுத்த இடமே கிடைக்காது.

அதுக்கு அடுத்த வாரம் வாங்க. வழக்கமா அந்த வார இறுதியிலதான் வெப்பக்காத்துப் பலூன் ரேஸ் வரும், தேதியை ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க. 1982ல இருந்து நடக்குது, ராஞ்சோ சான் ரஃபேல் பார்க்குல. பார்க்கக் காசு கிடையாது. ஒரே கஷ்டம், விடியறதுக்கு முன்னாடியே போயிடணும். அஞ்சு மணி வாக்குல, நல்ல இருட்டுல, சில பலூனை மட்டும் முதல்ல ஏத்துவாங்க, "டான் பேட்ரோல்"னு பேரு. பர்னரைத் திறக்கறப்போ 'புஸ்'ஸுன்னு ஒரு சத்தம், அந்த ஒரு விநாடி பலூன் முழுசும் உள்ளேயிருந்து சிவந்து எரியும், அப்புறம் மறுபடியும் இருட்டு. சூரியன் வந்ததும் மிச்சப் பலூன் எல்லாம் மொத்தமாக் கிளம்பும். புல்வெளியில பலூனுக்குப் பக்கத்துலயே நடந்து போய்ப் பார்க்கலாம், கயிறு கட்டித் தள்ளி நிறுத்த மாட்டாங்க. பையனுக்கு அதுதான் பிடிக்கும்.

மடக்கு நாற்காலி ஒண்ணு அம்மாவுக்கு. ஸ்வெட்டர் எல்லாருக்கும். ரீனோ 4,500 அடி உயரத்துல இருக்கு, செப்டம்பர்ல மதியம் வெயில் சுட்டாலும் விடிகாலை பல்லு கிட்டும். காத்து அடிச்சா ரத்து பண்ணிடுவாங்க, அதனால சனி, ஞாயிறு ரெண்டு காலையையும் காலியா வச்சுக்கோங்க.

ரயில்பூச்சி

ஏன் எல்லாரும் காரையே பிடிச்சுத் தொங்குகிறீர்கள்? எமரிவில் ஸ்டேஷனில் காலையில் ஏறினால் கலிஃபோர்னியா ஸெஃபிர் ரயில் மாலையில் ரீனோவில் இறக்கிவிடும். சியரா நெவாடா மலைத்தொடரை ரயிலில் கடப்பது தனி அனுபவம். டோனர் ஏரி கீழே தெரியும் அந்த இடத்தில் யாரும் போனைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். 1846-47 பனிக்காலத்தில் டோனர் குழு என்ற குடியேறிகள் சிக்கிப் பாதிக்குப் பாதி செத்தது அந்த ஏரிக்கரையில்தான். ரீனோ வந்ததும் ரயில் ஒரு பள்ளத்துக்குள் இறங்கும். தண்டவாளம் ஊரை இரண்டாக வெட்டிப் போக்குவரத்தை நிறுத்துகிறது என்று நகராட்சி அதையே தரைக்குக் கீழே இறக்கிவிட்டது, 2005-ல் வேலை முடிந்தது.

டப்ளின்_வாசி

ரயில்பூச்சி அண்ணா, ஏழு மணி நேரம். நாளைக்கு ஒரே வண்டி. சரக்கு ரயிலுக்கு வழி விட்டு லேட்டாகுறது தனிக்கதை. அங்க இறங்கினப்புறம் டாஹோவுக்கு எதுல போவாங்க? முட்டி வலிக்காரங்களை வச்சுக்கிட்டு இதெல்லாம் வேணாம்.

ரயில்பூச்சி

ஏழு மணி நேரம் உட்கார்ந்தே போகலாம், முட்டிக்கு அதைவிட என்ன வேண்டும்? சரி, கார் வாடகை அங்கே எடுக்க வேண்டியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

பதினேழும்நாலும்

அப்பாவோட ஆசையை யாருமே மதிக்க மாட்டேங்கறீங்க. அதை நான் பேசறேன்.

டவுன்டவுன்ல எல்டொராடோ, சில்வர் லெகசி, சர்க்கஸ் சர்க்கஸ்ங்கற மூணு கேசினோவும் உள்ளேயே பாலம் மாதிரி இணைஞ்சிருக்கு. தெருவுக்கே வராம ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு நடக்கலாம். தெற்கே பெப்பர்மில், அட்லாண்டிஸ். கிழக்கே கிராண்ட் சியரா. பெப்பர்மில்ல கட்டடத்தைச் சூடாக்கறது பூமிக்கடியில இருந்து வர்ற வெந்நீர், அந்த ஊரே கொதிநீர் ஊத்து மேலதான் உட்கார்ந்திருக்கு.

நெவாடாவுல 21 வயசு ஆகாதவங்க கேசினோ தளத்தைப் பெரியவங்களோட கடந்து போகலாம், ஆனா மெஷின்கிட்ட நிக்கக் கூடாது. பையன் ஸ்லாட்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னா செக்யூரிட்டி வந்து நகரச் சொல்வாங்க. அதனால நீங்க பையனைக் கூட்டிட்டு சர்க்கஸ் சர்க்கஸ்ல மிட்வேங்கற விளையாட்டுத் தளத்துக்குப் போயிடுங்க, அங்க ஆர்கேடு இருக்கு, கம்பியில தொங்கற சர்க்கஸ் ஆட்டம் இலவசமாவே காட்டுவாங்க. அந்த நேரம் அப்பாவோட வேற யாராவது போகட்டும். பாஸ்போர்ட் கையில இருக்கட்டும்.

முதல் அதிர்ச்சி என்னன்னா, காசு கொட்டற சத்தமே இருக்காது. இப்ப எல்லா மெஷினும் நோட்டை முழுங்கி, ஜெயிச்சதை ஒரு சீட்டா அச்சடிச்சுத் துப்பும். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் இன்னொரு மெஷின்ல போட்டாப் பணம். "பென்னி (ஒரு சென்ட்) ஸ்லாட்"னு போட்டிருக்கும், நம்பிடாதீங்க. ஒரு பொத்தான் அமுக்கினா 50 சென்ட், 88 சென்ட்னு போகும்.

அவர் உண்மையிலேயே பார்க்க வேண்டியது மேஜையை. பிளாக்ஜாக் (21-ஐத் தாண்டாம எட்டப் பார்க்கிற சீட்டாட்டம்) மேஜையில பணத்தைச் சீட்டுப் போடற டீலர் கையில குடுக்கக் கூடாது, பச்சைத் துணி மேல வைக்கணும். அவங்க அதை விரிச்சு, கேமராவுக்குத் தெரியற மாதிரி பரப்பி, எண்ணி, அப்புறம்தான் சிப்ஸ் தள்ளுவாங்க. சீட்டு வேணும்னா மேஜையை விரலால தட்டணும், போதும்னா கையை ஆட்டணும். வாயால சொன்னா போதாது, மேல இருக்கிற கேமராவுக்குக் காது கிடையாது. டீலர் ஷிஃப்ட் மாறும்போது ரெண்டு கையையும் தட்டி விரிச்சுக் காட்டிட்டுப் போவாங்க பாருங்க, எதையும் ஒளிச்சு எடுத்துட்டுப் போகலைன்னு. எங்க அப்பா ஆட்டத்தை விட்டுட்டு அதையேதான் பார்த்துக்கிட்டு இருந்தார்.

இப்ப கணக்கு. மேஜையில "பிளாக்ஜாக் பேஸ் 3 டு 2"ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. "6 டு 5"ன்னு இருந்தா எழுந்துடுங்க. முதல் ரெண்டு சீட்டுலயே 21 வந்தா அதுதான் பிளாக்ஜாக், அதுக்கு 15 டாலர் பந்தயத்துல முதல் வகையில 22.50 கிடைக்கும், ரெண்டாவதுல 18தான். சின்ன வித்தியாசமாத் தெரியும். ஒழுங்கா ஆடினா 3:2 மேஜையில வீட்டுக்கு, அதாவது கேசினோவுக்கு, லாபம் சுமார் அரை சதவீதம். 6:5 ஆனதும் அதோட இன்னும் 1.4 சதவீதம் சேருது. மணிக்கு 60 கை ஆடினா 900 டாலர் பந்தயம் போகுது. முதல்ல சராசரியா நாலரை டாலர் நஷ்டம், அடுத்ததுல 17. ரீனோ ஒரு காலத்துல ஒத்தைக்கட்டு (ஒரே ஒரு சீட்டுக்கட்டு) ஆட்டத்துக்குப் பேர் போன ஊர். இப்ப அந்த ஒத்தைக்கட்டையே தூண்டிலா வச்சு 6:5 குடுக்கறாங்க. கடுப்பா இருக்கு.

ரூலெட்டுல, அதான் உருண்டை சுத்தற சக்கரம், ரெண்டு பூஜ்யம் இருந்தா 5.26 சதவீதம் வீட்டுக்கு. சில இடத்துல மூணு பூஜ்யமும் வந்துடுச்சு, அது 7.69. பார்த்துட்டு நகர்ந்துடுங்க.

சியரா_அக்கா

இவ்வளவு எழுதினவர் புகையைப் பத்திச் சொல்லலையே. நெவாடாவுல 2006ல புகைத் தடைச் சட்டம் வந்தப்போ கேசினோ தளத்துக்கு மட்டும் விலக்கு குடுத்துட்டாங்க. இன்னிக்கும் உள்ளே சிகரெட் பிடிக்கலாம். பெரிய கேசினோவுல கூரை உயரம், காத்தோட்டம் பரவாயில்லை. சின்ன இடத்துக்குப் போனா சட்டையைத் துவைச்சாத்தான் நாத்தம் போகும். அம்மாவுக்கு இருமல் தொல்லை இருந்தா ரூமுக்குப் போற வழி தளத்து ஊடால போகாத ஹோட்டலாக் கேட்டு வாங்குங்க.

மணல்வீடு

@பதினேழும்நாலும் அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "கேமராவுக்குக் காது கிடையாது"க்கு விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஒரு சந்தேகம், அவர் விசிட்டர் விசால இருக்கார். தப்பித் தவறி ஜெயிச்சுட்டா ஏதாவது வரிச் சிக்கல் வருமா?

பதினேழும்நாலும்

வெளிநாட்டுக்காரங்க ஸ்லாட்ல பெரிய ஜாக்பாட் அடிச்சா 30 சதவீதத்தை அங்கேயே பிடிச்சுக்கிட்டுப் படிவம் குடுத்துடுவாங்க. பிளாக்ஜாக், பக்காரா, க்ராப்ஸ், ரூலெட் மாதிரி மேஜை ஆட்டத்துல ஜெயிச்சதுக்கு அந்த வரி கிடையாது. 40 டாலர் குடுத்து உட்கார வைக்கறவருக்கு இந்தக் கவலை வராது சார்.

கரையோரம்

40 டாலர்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு, ஏடிஎம் கார்டை ரூம்லயே வச்சுட்டுப் போங்க. கேசினோ ஏடிஎம் எடுக்கற கட்டணமே தனி. இலவசமாச் சரக்கு குடுக்கறாங்கன்னு எங்க மாமா உட்கார்ந்த கதை வீட்ல யாரும் பேசறதில்லை. குடுக்கறவங்களுக்கு ஒரு டாலர் டிப் வைக்கணும், அது வேற.

ஹோட்டல் பத்தி ஒண்ணு: போன வருஷங்கள்ல ஒரு இடத்துல 49 டாலர்னு போட்டுட்டு கவுண்டர்ல ரிசார்ட் ஃபீஸ்னு அதுக்கு மேலேயே வாங்கினாங்க, நீச்சல் குளம் மூடியிருந்தும். 2025 மே மாசத்துல இருந்து அந்தக் கட்டணத்தையும் சேர்த்தே முதல் விலையாக் காட்டணும்னு எஃப்டிசி (அமெரிக்க வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பு) விதி போட்டிருக்கு. அதனால மொத்தத் தொகையைப் பார்த்து ஒப்பிடுங்க. வார நாள்ல பாதி விலைக்குக் கூடக் கிடைக்கும், வெள்ளி சனிதான் ஏத்துவாங்க.

மட்டுறுத்துநர்

நண்பர்களே, எந்த மெஷின் "சூடா" இருக்கு என்ற மாதிரியான பதிவுகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். பயணத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ரயில்பூச்சி

நன்றி. இப்போது ஊருக்கு வருவோம்.

ரீனோவைச் சூதாட்டம் மட்டும் வளர்க்கவில்லை, விவாகரத்தும் சேர்ந்து வளர்த்தது. 1931-ல் நெவாடா இரண்டு காரியம் செய்தது. சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. விவாகரத்து கேட்பவர் மாநிலத்தில் தங்கியிருக்க வேண்டிய காலத்தை ஆறு வாரமாகக் குறைத்தது. மற்ற மாநிலங்களில் மணவிலக்கு வாங்குவது பெரும்பாடாக இருந்த காலம். நாடு முழுவதும் இருந்து பெண்கள் வந்து, ஹோட்டலிலோ ஊருக்கு வெளியே பண்ணை வீட்டிலோ ஆறு வாரம் தங்கி, நீதிமன்றத்தில் ஐந்தே நிமிடத்தில் காகிதம் வாங்கிக்கொண்டு போனார்கள். வெளியே வந்ததும் நீதிமன்றத் தூணுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பாலத்தில் நின்று கல்யாண மோதிரத்தை டிரக்கீ ஆற்றில் வீசுவார்கள் என்று கதை. எத்தனை பேர் உண்மையில் தங்கத்தை எறிந்தார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான். 1911-ல் கட்டிய அந்த வாஷோ கவுன்டி நீதிமன்றம் இன்றும் அப்படியே நிற்கிறது. எதிரே ரிவர்சைடு ஹோட்டல், இப்போது ஓவியர்கள் குடியிருக்கும் வீடுகள். பழைய பாலத்தை மட்டும் இடித்துவிட்டு 2016-ல் புதிது திறந்தார்கள்.

இதெல்லாம் ஆற்றங்கரை நடைபாதையை ஒட்டியே. அம்மா விங்ஃபீல்டு பார்க் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். ஆற்றில் பாறைகளை அடுக்கிக் கயாக் படகு விடுவதற்கென்றே துள்ளும் நீரோட்டம் அமைத்திருக்கிறார்கள். பையன் பக்கத்தில் ஓரமாகக் கால் நனைக்கலாம். மலைப்பனி உருகி வரும் தண்ணீர், விறைக்கும்.

கரையோடு கிழக்கே போனால் தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகம். கேசினோ அதிபர் வில்லியம் ஹாரா சுமார் 1,400 கார் சேர்த்து வைத்திருந்தார். 1978-ல் அவர் இறந்தபின் பெரும்பகுதி ஏலத்தில் போனது, மிஞ்சியது இங்கே. 1908-ல் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை நடந்த பந்தயத்தில் ஜெயித்த தாமஸ் ஃபிளையர் கார் இருக்கிறது. அதைப் புத்தம் புதிதாக மெருகேற்றாமல், பாரிஸ் போய்ச் சேர்ந்த கோலத்திலேயே நிற்க வைத்திருக்கிறார் ஹாரா. அது சரியான முடிவு. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் வடிவமைத்த மூன்று சக்கர டைமாக்ஸியன் காரும் உண்டு. பையன் அதை விட்டு நகர மாட்டான். வாசலுக்குப் பக்கத்திலேயே 1926-ல் போட்ட பழைய ஊர் வளைவு. வர்ஜீனியா ஸ்ட்ரீட்டில் எல்லாரும் போட்டோ எடுக்கும் "உலகின் மிகப்பெரிய சின்ன நகரம்" வளைவு 1987-ல் வைத்தது.

சியரா_அக்கா

ஜீன்ஸை விட்டுட்டீங்களே! ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையல்காரர் ரீனோவுலதான் கடை வச்சிருந்தார். விறகு வெட்டறவர் ஒருத்தருக்குப் பேன்ட் பாக்கெட் கிழியாம இருக்க மூலையில செம்பு ரிவெட் அடிச்சுக் குடுத்தார். காப்புரிமைக்குக் காசு பத்தாம, துணி சப்ளை பண்ணின லீவை ஸ்ட்ராஸைக் கூட்டு சேர்த்துக்கிட்டு 1873ல வாங்கினாங்க. ஜீன்ஸ் பிறந்த ஊர் சான் ஃபிரான்சிஸ்கோன்னுதான் உலகம் நினைச்சுக்கிட்டு இருக்கு.

டப்ளின்_வாசி

சரி சரி, ஊருக்குச் சரித்திரம் இருக்கு. ஆனா ரெண்டு நாள்தான் இருக்கு, அதுல டாஹோவுக்கு எத்தனை மணி நேரம்? 1,645 அடி ஆழம், அமெரிக்காவுல ரெண்டாவது ஆழமான ஏரி, அரை நாள்ல என்ன பார்க்கப் போறாங்க?

சியரா_அக்கா

அரை நாள் போதும், அம்மாவுக்கு அதுக்கு மேல உட்காரவும் முடியாது. சனிக்கிழமை பலூன் முடிஞ்சு டிபன் சாப்பிட்டுட்டு மவுன்ட் ரோஸ் ஹைவேயில ஏறுங்க. 8,911 அடி வரை போகும் அந்தப் பாதை, சியரா நெவாடாவுல வருஷம் முழுக்கத் திறந்திருக்கிற கணவாயில இதுதான் உசரம். இறங்கற பக்கம் ஒரு வளைவுல ஏரி மொத்தமும் திடீர்னு கண்ணுல விழும். வண்டி ஓட்டறவர் பார்க்காதீங்க, ஓரமா நிறுத்தற இடம் இருக்கு. காது அடைக்கும், பையனுக்கு மிட்டாய் குடுங்க.

சேண்ட் ஹார்பர் ஏரிக்கரை அழகு, ஆனா பார்க்கிங் காலையிலேயே நிரம்பிடும், கோடையில காலை நுழைவுக்கு முன்பதிவு கேக்கறாங்க. நெவாடா ஸ்டேட் பார்க்ஸ் தளத்துல பார்த்துட்டு வாங்க. இடம் இல்லைன்னா ரோட்டோரம் நிறுத்திட்டு நடந்து உள்ள போக விட மாட்டாங்க. அதுக்குப் பதிலா இன்க்லைன் வில்லேஜ்ல இருந்து ஈஸ்ட் ஷோர் டிரெயில், 2019ல திறந்தது. மூணு மைல், தார் போட்ட சமமான பாதை, கீழே பாறையும் பச்சைத் தண்ணியும். அம்மா முதல் கால் மைல் நடந்தாலே போதும், காட்சி அங்கேயே ஆரம்பிச்சுடும்.

பக்கத்துலதான் கால் நேவா லாட்ஜ். மாநில எல்லைக் கோடு அந்தக் கட்டடத்துக்கு ஊடாலேயே போகுது. ஃபிராங்க் சினாட்ரா நடத்தினார். மாஃபியா ஆள் சாம் ஜியான்கானா அங்க தங்கினதால 1963ல சினாட்ராவோட சூதாட்ட லைசென்ஸ் போச்சு. 2013ல மூடினாங்க.

தூண்டில்காரன்

எல்லாரும் ஆத்தோட தலைக்கே போறீங்க. வாலைப் பார்க்க யாரும் வர்றதில்லை. டிரக்கீ டாஹோவுல கிளம்பி, ரீனோவைக் கடந்து, பிரமிட் ஏரியில போய் முடியுது. அங்கிருந்து தண்ணி வெளிய போக வழியே கிடையாது, வெயில்ல ஆவியாப் போனாத்தான் உண்டு. அதான் லேசா உப்பு. ஊருக்கு வடகிழக்கே முக்கால் மணி நேரம்.

அது பயூட் பழங்குடி மக்களோட நிலம். அனுமதிச் சீட்டு முன்னாடியே வாங்கிட்டுத்தான் போகணும், நாள் கணக்குல குடுப்பாங்க. பிரமிட் பாறை இருக்கிற கிழக்குக் கரையை மூடி வச்சிருக்காங்க, வர்றவங்க கிறுக்கி நாசம் பண்ணினதால. மேற்குக் கரையில இருந்து பாருங்க, அவங்க சொன்ன இடத்தைத் தாண்டாதீங்க.

இந்த ஏரி லஹான்டன் கட்த்ரோட் டிரவுட்டுக்குப் பேர் போனது. 1925ல 41 பவுண்டு மீன் பிடிச்சது இன்னும் முறியாத சாதனை. அதுக்கு இருபது வருஷத்துக்குள்ள இங்க அந்த மீனே இல்லாமப் போச்சு. 1905ல டெர்பி அணை கட்டி ஆத்துத் தண்ணியைப் பாசனத்துக்குத் திருப்பிட்டாங்க, மட்டம் இறங்கி மீன் முட்டையிட மேல ஏற முடியலை. பக்கத்துல இருந்த வின்னமக்கா ஏரி மொத்தமா வத்தியே போச்சு. அப்புறம் தூரத்துல ஒரு மலை ஓடையில அதே இனம் கொஞ்சம் தப்பிச்சிருந்ததைக் கண்டுபிடிச்சு, 2006ல இருந்து மறுபடியும் விட்டு வளர்க்கறாங்க. இப்ப குளிர்காலத்துல தண்ணிக்குள்ள ஏணி போட்டு, அது மேல நின்னு தூண்டில் போடுவோம். கரை ஓரத்துல திடீர்னு ஆழம், மீன் அந்த விளிம்புலதான் சுத்தும்.

செப்டம்பர்ல டிரவுட் சீசன் இல்லை. நிழல் ஒரு துளி கிடையாது, போன் சிக்னலும் பெரும்பாலும் போயிடும். ஆனா ஏரிக்குள்ள இருக்கிற அனாஹோ தீவுப் பெலிகன் கூட்டம் தலைக்கு மேல பறக்கறதைப் பார்த்தா அப்பா கேசினோவை மறந்துடுவார்.

மணல்வீடு

படிக்கப் படிக்க ஆசையா இருக்கு, ஆனா டாஹோ, பிரமிட், பழைய சுரங்க ஊரான வர்ஜீனியா சிட்டி எல்லாம் போக முடியாதே. பையனுக்கு ஸ்கூல்ல கோல்டு ரஷ் பாடம் வந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒண்ணுதான், எதை எடுக்கலாம்?

ரயில்பூச்சி

பாடம் என்றால் வர்ஜீனியா சிட்டி. ஆனால் அது தங்கத்தின் கதை மட்டும் இல்லை. 1859-ல் தங்கம் அலசியவர்களின் தட்டில் நீலமும் கறுப்புமாக ஒரு சேறு வந்து ஒட்டி எரிச்சல் மூட்டியது. திட்டிக்கொண்டே எடுத்து எறிந்தார்கள். யாரோ அதைச் சோதித்துப் பார்க்க, அத்தனையும் வெள்ளி. காம்ஸ்டாக் என்ற அந்த வெள்ளிப் படிவத்தில் வந்த பணம் சான் ஃபிரான்சிஸ்கோவையே கட்டியது. மண் உறுதியில்லாத இடம், தோண்டத் தோண்டச் சரிந்தது. டைடஷைமர் என்ற ஜெர்மன் பொறியாளர் மரச்சட்டங்களைத் தேன்கூடு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையைக் கொண்டுவந்தபின்தான் ஆழம் போக முடிந்தது. டாஹோவைச் சுற்றியிருந்த காடுகள் அப்படித்தான் காலியாயின. கீழே வெந்நீர் பீறிடும், சூடு தாங்காது. தொழிலாளிக்குப் பனிக்கட்டி கொடுத்து இறக்கினார்கள்.

அங்கே வந்த டெரிடோரியல் என்டர்பிரைஸ் பத்திரிகையில் வேலை பார்த்த சாமுவேல் கிளெமன்ஸ், 1863 பிப்ரவரியில் முதன்முதலாக "மார்க் ட்வெயின்" என்று கையெழுத்துப் போட்டார்.

முட்டிக்கு ஓர் எச்சரிக்கை. ஊர் மலைச்சரிவில் இருக்கிறது, 6,000 அடிக்கு மேல். சி ஸ்ட்ரீட் நீளவாக்கில் சமம், ஆனால் நடைபாதை மரப்பலகை, அங்கங்கே ஏற்ற இறக்கம். குறுக்குத் தெருவெல்லாம் செங்குத்து. காரை சி ஸ்ட்ரீட்டிலேயே நிறுத்தப் பாருங்கள். வர்ஜீனியா அண்டு டிரக்கீ ரயிலில் கோல்டு ஹில் வரை போய் வரலாம், அம்மாவுக்கு உட்கார்ந்தபடி சுரங்க மலை முழுவதும் தெரியும். சுரங்கத்துக்குள் போகும் சுற்றுலாவுக்கு அப்பாவும் பையனும் போகட்டும்.

சியரா_அக்கா

வர்ஜீனியா சிட்டிக்குக் கைகர் கிரேடு ரோடு வழியா ஏறினா காட்டுக்குதிரைங்க ரோட்டுக்கே வரும். மெதுவாப் போங்க. கேரட் நீட்டாதீங்க, தீனி போடறது சட்டப்படி குற்றம்.

சாப்பாடு: இந்த ஊர் ஸ்பெஷல் பாஸ்க் சாப்பாடு, ஆடு மேய்க்க வந்த பாஸ்க் மக்களோட வழக்கம். நீள மேஜையில முன்பின் தெரியாதவங்களோட உட்கார்ந்து சூப்பு, சாலட், பீன்ஸ், கறின்னு வந்துக்கிட்டே இருக்கும். அம்மாவுக்கு ஆகாது, பீன்ஸ்ல கூடக் கறி போட்டிருப்பாங்க. மிட்டவுன் பக்கம் போங்க, சைவம் கேட்டா முழிக்காத கடைங்க அங்கதான் நிறைய. கேசினோ ரூம்ல அடுப்பு இருக்காது, ஃபிரிட்ஜ் இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, தயிருக்கு.

டப்ளின்_வாசி

கிளம்பறதுக்கு முன்னாடி ஏர்நவ் தளத்துல காத்துத் தரத்தைப் பாருங்க. ஆகஸ்ட் செப்டம்பர்ல கலிஃபோர்னியாவுல எங்கயாவது காடு எரிஞ்சா புகை நேரா மலை தாண்டி ரீனோ பள்ளத்துல வந்து தேங்கிடும். 2021ல ஏரியே கண்ணுக்குத் தெரியலை. ரத்து பண்ணக்கூடிய ரூமா எடுங்க. நான் இன்னும் டாஹோ கட்சிதான்.

மணல்வீடு

முடிவு: லேபர் டேக்கு அடுத்த வாரம். வெள்ளி ராத்திரி போய்ச் சேர்றோம். சனி விடிகாலை பலூன், பத்து மணிக்கு மேல மவுன்ட் ரோஸ் வழியா டாஹோ, சாயங்காலம் ஆத்தங்கரை, ராத்திரி அப்பாவோட 40 டாலர். ஞாயிறு காலை கார் மியூசியம் இல்லைன்னா வர்ஜீனியா சிட்டி, மதியம் கிளம்பணும். பிரமிட் ஏரி இந்தத் தடவை இல்லை, தூண்டில்காரன் அண்ணா மன்னிக்கணும். எதாவது இடிக்குதா?

பதினேழும்நாலும்

சனி ராத்திரி இடிக்குது. மேஜையில குறைஞ்சபட்சப் பந்தயம் அப்போதான் உச்சத்துல இருக்கும், 40 டாலர் ரெண்டு கைக்குள்ள போயிடும். டீலருக்கும் பேச நேரம் இருக்காது. அப்பாவை ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூட்டிட்டுப் போங்க. காலி மேஜை, குறைஞ்ச பந்தயம், புகையும் கம்மி. டீலரே பக்கத்துல இருந்து சொல்லிக் குடுப்பாங்க.

சியரா_அக்கா

சனிக்கிழமை பலூன் காத்துல ரத்தானா ஞாயிறு விடிகாலை அதுக்குப் போகணும், அப்போ எட்டு மணிக்கு மேஜை முடியாது, ஒன்பதரை ஆகட்டும். மியூசியத்தையும் வர்ஜீனியா சிட்டியையும் ஒரே காலையில திணிக்காதீங்க. பாடம் இருக்கு, வர்ஜீனியா சிட்டிதான். திரும்பும்போது ரெண்டு மணிக்குள்ள ஐ-80 ஏறிடுங்க, நாலு மணிக்கு மேல டிரக்கீலேர்ந்து டாஹோ கூட்டமும் சேர்ந்துக்கும்.